நூறிலிருந்து ஏழு ஏழாக

இந்த டாக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. மேசையில் முழங்கையை ஊன்றி முன்னால் சாய்ந்து, காது கேட்காதவனிடம் பேசுகிற மாதிரி சத்தமாகப் பேசுகிறார். எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது. தலைக்கு மேல் சுற்றுகிற மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை டக் என்கிறது, அதுவும் கேட்கிறது, எங்கோ ஒரு திருகு தளர்ந்திருக்கிறது, இரண்டு நிமிஷ வேலை. "உங்க பேரு சொல்லுங்க ஐயா." மாசிலாமணி. "ஊரு?" நாகப்பட்டினம். "இப்ப எந்த ஊர்ல இருக்கோம்?" தஞ்சாவூர், காலையில் பஸ்ஸில் வந்தோம், ஜன்னலோரம் அஞ்சலை உட்கார்ந்தாள். "என்ன வேலை பார்த்தீங்க?" கடல் மட்டம் அளக்கிற ஆபீஸில் குமாஸ்தா என்கிறேன். அதுவும் உண்மைதான். ஒரு கணக்குப் பொறி செய்தேன், கூட்டும், கழிக்கும், பெருக்கும், பித்தளையில், இந்த மேசையில் பாதி அகலம், இந்தப் பக்கத்தில் அதற்கு முன்னால் அப்படி ஒன்றை யாரும் செய்ததாக நான் கேள்விப்படவில்லை என்றெல்லாம் சொன்னால் சீட்டில் வேறு ஏதாவது எழுதிவிடுவார். பக்கத்து நாற்காலியில் அஞ்சலை மடியில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விவரம் சொல்கிறாள். "போன வாரம் மார்க்கெட்டுக்குப் போனவரு, திரும்பி வர வழி தெரியாம நாலு ரோட்டுல நின்னிருக்காருங்க. ஐம்பது வருஷமா நடக்குற ரோடு. மீன்காரம்மா பாத்துக் கூட்டியாந்து விட்டுச்சு." உண்மைதான். நின்றேன். நான்கு பக்கமும் ரோடு இருந்தது, எந்தப் பக்கமும் என்னுடையதாக இல்லை. பயம்கூட வரவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. டாக்டர் தலையாட்டி எழுதுகிறார், நிமிர்ந்து பார்த்து, "பிள்ளைங்க எத்தனை பேர் ஐயா?" என்கிறார். நான் வாயைத் திறக்கிறேன். அதற்குள் அஞ்சலை, "எங்களுக்குப் பிள்ளை இல்லீங்க," என்கிறாள்.

எப்போதும் அவள்தான் அதைச் சொல்வாள். கல்யாண வீட்டில், ரயிலில், புதிதாகக் குடிவந்தவர்களிடம், எல்லோரிடமும் அதே மூன்று வார்த்தை, அதே குரல், முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு. நான் மறுத்ததில்லை. இல்லைதான் இப்போது. ஆனால் இருந்தான், நான்கு வருஷம் ஏழு மாதம் இருந்தான், நாற்பத்து நான்கு வருஷமாக அவன் பெயரை அந்த வீட்டில் இரண்டு பேரும் உரக்கச் சொன்னதில்லை, மனதுக்குள் மட்டும், தினமும் குளிக்கும்போது முதல் சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு நான் சொல்லிக்கொள்வேன், இப்போதும் பழக்கத்தில் சொல்லப் பார்க்கிறேன், அவள் இல்லை என்று சொன்ன மறுகணம் உள்ளே அவன் பெயரை, அவன் பெயரை. வரவில்லை. டாக்டர் ஏதோ சொல்கிறார். வலது காதுக்குக் கீழே ஒரு மச்சம் வருகிறது. என் செருப்பைப் போட்டுக்கொண்டு கூடத்தில் அவன் இழுத்து இழுத்து நடக்கிற சத்தம் வருகிறது. பெயர் வரவில்லை. "ஐயா, கேக்குதா? நூறுலேர்ந்து ஏழக் கழிக்கணும். வர்ற விடையிலேர்ந்து மறுபடி ஏழு. அப்படியே கழிச்சுக்கிட்டே வாங்க. மெதுவாச் சொல்லுங்க, அவசரமே இல்லை."

தொண்ணூற்று மூன்று. மேசைக்கு அடியில் என் வலது கை தானாகச் சுற்றுகிறது, பின்பக்கமாக. கழித்தல் என்றால் கைப்பிடியைப் பின்பக்கம் சுற்ற வேண்டும், கூட்டலுக்கு முன்பக்கம், அப்படித்தான் வைத்திருந்தோம் நானும் மீராசாவும். நாகூரில் தர்காவுக்குப் போகிற சந்தில் அவர் கடை, கடிகாரம் பழுது பார்க்கிற கடை, ஒரு ஆள் உட்கார்ந்தால் இன்னொரு ஆள் நிற்கத்தான் இடம். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஆபீஸ் விட்டு சைக்கிளில் போய் நிற்பேன். பித்தளைத் தூள் வாசனை, விளக்கெண்ணெய் வாசனை, பக்கத்துக் கடையில் அல்வா கிண்டுகிற வாசனை மூன்றும் கலந்து வரும், அந்த வாசனை இப்போது இந்த மருந்து நெடி அடிக்கிற அறைக்குள் வந்துவிட்டது. ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு நிமிராமலே பேசுவார். "வா மாப்புள. இன்னைக்கி எத்தன பல்லு?" ஒவ்வொரு சக்கரத்துக்கும் பத்துப் பல், அரத்தால் ராவி ராவி அவர் கையாலேயே வெட்டியவை, மயிரிழை பிசகாது. முதல் தடவை நான் காகிதத்தில் வரைந்து காட்டியபோது சிரிக்காத ஒரே ஆள் அவர். வெகுநேரம் பார்த்துவிட்டு, "மணியக் காட்டாத கடிகாரம்னு சொல்லு," என்றார். எண்பத்தாறு. "நல்லா சொல்றீங்க ஐயா," என்கிறார் டாக்டர். எண்கள் எங்கேயும் போகவில்லை. எண்கள் அப்படியே இருக்கின்றன. அவன் பெயர் முருகன் பெயர், அது நிச்சயம். பழனிவேலு? அது என் தம்பி. கதிர்வேலு? குமரவேலு? வேலு என்றுதான் முடியும். முன்னால் என்ன வரும்.

எழுபத்தொன்பது. ஒன்பதில்தான் நாங்கள் எட்டு மாதம் மாட்டிக்கொண்டு நின்றோம். ஒன்பதைத் தாண்டினால் அடுத்த சக்கரத்தை ஒரு பல் தள்ள வேண்டும், பள்ளிக்கூடத்தில் கையில் ஒன்று என்று சொல்வோமே, அது. ஒரு சக்கரம் என்றால் சுலபம். எல்லாமே ஒன்பதாக நிற்கும்போது ஒன்றைக் கூட்டினால் ஒரே நேரத்தில் அத்தனை சக்கரமும் திரும்ப வேண்டும், முடியாமல் கைப்பிடி இறுகி நின்றுவிடும், அழுத்தினால் பல் உடையும். பதினோரு பல் உடைத்தோம். ஒவ்வொன்று உடையும்போதும் மீராசா பூதக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வாசலில் போய் நிற்பார், திட்டமாட்டார். தர்காவில் கந்தூரித் திருவிழா சமயத்தில் ஒருநாள் அப்படி வாசலில் நின்றவர் சட்டென்று என்னைக் கூப்பிட்டார். "மாப்புள, இங்க வந்து பாரு. வாசக்கதவுல அத்தன பேரும் ஒண்ணா முட்டுறானுவ, ஒருத்தனும் உள்ள போவல. இப்ப ஒருத்தன் பின்னாடி ஒருத்தனா வந்தா?" இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தள்ளுகிற முளையை ஒவ்வொரு சக்கரத்திலும் முந்தினதைவிடக் கொஞ்சம் பின்தள்ளி வைத்தோம், மாடிப்படி மாதிரி. முதல் சக்கரம் திரும்பி முடித்த பிறகு இரண்டாவது, அப்புறம் மூன்றாவது. கைப்பிடி வெண்ணெயில் போகிற மாதிரி போயிற்று. வெண்ணெய். வெண்ணெய் என்றதும் ஏதோ ஒன்று பக்கத்தில் வந்து நின்றுவிட்டுப் போகிறது, ஒரு கோயில், ஒரு குளம், மாட்டு வண்டியில் போனோம், மூன்று மைல்தான், அங்கேதான் அவனுக்கு மொட்டை அடித்தது, அந்தச் சாமி பெயரைத்தான் அவனுக்கு வைத்தோம். ஊர் பெயரும் வரவில்லை. மீராசா யுத்தத்துக்கு முந்திய வருஷம் பினாங்குக்குப் போனார், தம்பி கடையில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வருவதாகச் சொல்லி. ஒரு கடிதம் வந்தது. அப்புறம் ஜப்பான்காரன் வந்துவிட்டான், அப்புறம் ஒன்றும் வரவில்லை. அவர் பெயர் வருகிறது, அல்வாக் கடைக்காரன் பெயர்கூட வருகிறது, காதர். உடைந்த பல் எத்தனை என்பது வருகிறது.

எழுபத்திரண்டு. "ஐயா களைப்பா இருக்கா?" இல்லை. அறுபத்தைந்து. கரையோரம் ஒரு கிணறு இருந்தது, அடியில் குழாய் வழியாகக் கடலோடு சேர்ந்தது. அதில் ஒரு மிதவை. அது ஏற இறங்க, மேலே உருளையில் சுற்றிய காகிதத்தில் பேனா கோடு போடும். மணிக்கு ஒரு அளவு, நாளைக்கு இருபத்து நான்கு, வருஷத்துக்கு எண்ணாயிரத்து எழுநூற்று அறுபது. அதையெல்லாம் கூட்டி வகுத்தால் அந்த வருஷத்துக் கடலின் மட்டம். ஒரு தடவை கூட்டினால் போதாது, இரண்டு தடவை கூட்ட வேண்டும், இரண்டும் ஒன்றாக வர வேண்டும். அந்தத் தை மாதம் எனக்கு ஒன்றாக வரவில்லை. வித்தியாசம் ஒன்பது. ஒன்பது வந்தால் தெரியும், எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கிறது. வீட்டில் பையனுக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல், கம்பவுண்டர் வந்து பார்த்து இறங்கிவிடும் என்றிருந்தார், காலையில் நான் கிளம்பும்போது கஞ்சி குடித்தான். பதினொரு மணிக்குத் தலைமை குமாஸ்தா சொன்னார், "மாசிலாமணி, வீட்டுக்குப் போய்யா. இந்த ஒம்போது எங்கயும் ஓடிடாது." நான், இன்னும் இரண்டு மாசக் கணக்குதான் சார் பாக்கி என்றேன். ஒரு மணிக்குப் பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளை வந்து வாசலில் நின்றது, அக்கா வரச் சொன்னாங்க என்றது, இதோ வர்றேன்னு சொல்லு என்றேன். யாரும் என்னைப் பிடித்து வைக்கவில்லை. நான்தான் உட்கார்ந்திருந்தேன். ஐப்பசி மாதத்து அளவுகளில் அகப்பட்டது. நான்கு மூன்று என்று இருக்க வேண்டியதை மூன்று நான்கு என்று படித்திருக்கிறேன், அவ்வளவுதான். மணி மூன்று. எழுந்து ஓடினேன், வெயிலில், செருப்பை ஆபீஸ் வாசலிலேயே விட்டுவிட்டு. எங்கள் தெரு முனை திரும்பும்போதே கத்தினேன், "அஞ்சலை, கண்டுபுடிச்சிட்டேன்! ஒம்போதக் கண்டுபுடிச்சிட்டேன்!" வாசலில் நின்ற ஆட்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எதற்கு நம் வீட்டு வாசலில் இத்தனை பேர் என்று நினைத்துக்கொண்டேதான் இன்னொரு தடவை கத்தினேன். அரை மணி நேரம் ஆகியிருந்தது அவன் போய்.

ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்று. "போதும் ஐயா," என்கிறார் டாக்டர், ஆனால் என்னால் நிறுத்த முடியவில்லை, நிறுத்தினால் அங்கே பெயர் இல்லாத இடத்தில் போய் நின்றுவிடுவேன். அவன் போனதற்கு அடுத்த மாதம் பொறியை வரைய ஆரம்பித்தேன். ஆபீஸில் எதற்கு என்று கேட்டவர்களிடம் வேலை லேசாகும் என்றேன். இரண்டாவது கூட்டல் என்கிற ஒன்றே இல்லாத ஒரு ஆபீஸ் வேண்டும், அதற்குத்தான் என்று யாரிடம் சொல்வது. அஞ்சலையிடமும் சொல்லவில்லை. ஐந்தரை வருஷம் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொறியைப் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்த ஞாயிற்றுக்கிழமை அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். நான் தாளைப் பார்த்து எண்ணை வைத்துக் கைப்பிடியைச் சுற்றிக் காட்டினேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்தவள் சொன்னாள், "நீங்களே படிச்சு நீங்களே வெச்சா, நாலு மூணை மூணு நாலுன்னு இதுலயும் வெப்பீங்க." அவளுக்கு அது தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. எப்போது, யார் சொன்னார்கள், கேட்கவில்லை. அவள் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். அவள் படிப்பாள், நான் வைப்பேன், பொறியின் சின்ன ஜன்னலில் தெரிகிற எண்ணை நான் திருப்பிச் சொல்வேன், சரி என்று அவள் சொன்ன பிறகுதான் கைப்பிடி சுற்றும். எட்டு மாதம் ஞாயிறு தவறாமல் அப்படிச் சோதித்தோம். நான்கு வருஷத்துக் கடலை அந்தக் கூடத்தில் கூட்டினோம். ஒரு தடவைகூடப் பிசகவில்லை. அவளுடைய குரல் அப்போது எப்படி இருந்தது, வெண்கலத்தில் விரலால் தட்டின மாதிரி, மூணு புள்ளி ஆறு, மூணு புள்ளி எட்டு, நாலு, ஜன்னலில் வேப்பம்பூ உதிரும், அவள் மூக்குத்தி படிக்கப் படிக்க அசையும். ஒரு துக்கத்தை வைத்துக்கொண்டு இரண்டு பேர் அப்படிச் சந்தோஷமாக இருக்க முடியுமா என்றால், இருந்தோம். அந்த எட்டு மாதம் இருந்தோம்.

நாற்பத்து நான்கு. அஞ்சலை என் கையைப் பிடிக்கிறாள், மேசைக்கு அடியில் சுற்றிக்கொண்டிருக்கிற கையை. முப்பத்தேழு. மெட்ராஸில் பெரிய அறை, பொறியைச் சோதிக்க மூன்று அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள், மூலையில் ஒரு குமாஸ்தா. நடுவில் இருந்தவர் ஏழாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று நான்கை அறுநூற்று ஐம்பத்தெட்டால் பெருக்கச் சொன்னார். ஐம்பத்தொரு லட்சத்துத் தொண்ணூற்று நாலாயிரத்து இருநூற்று ஐம்பத்திரண்டு என்று நின்றது. குமாஸ்தா தாளைப் பார்த்து நூற்று ஐம்பத்திரண்டு என்றார். நூறு வித்தியாசம். மூன்று பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், கெட்ட சிரிப்பு இல்லை, வருத்தப்படுகிற சிரிப்பு. நல்ல முயற்சி என்றார்கள். பெட்டியைக் கட்டிக்கொண்டு மத்தியான ரயிலில் ஏறினோம். செங்கல்பட்டு தாண்டுவதற்குள் பென்சிலால் நான்கு தடவை போட்டுப் பார்த்தேன். பொறி சொன்னதுதான் சரி. அஞ்சலை தாளை வாங்கிப் பார்த்தாள். "அடுத்த ஸ்டேஷன்ல எறங்குவோம். திரும்பிப் போவோம். போய்ச் சொல்லுங்க," என்றாள். நான் வேண்டாம் என்றேன். "ஏன்?" போய் அந்த அறைக் கதவைத் திறந்து என்ன சொல்வது. கண்டுபிடித்துவிட்டேன் என்றா. அந்த வார்த்தையை இன்னொரு தடவை என்னால் சொல்ல முடியாது. அவள் என் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், விழுப்புரம் வரைக்கும் திரும்பவில்லை. பொறி எங்கள் ஆபீஸ் மூலையில் பதினோரு வருஷம் ஓடியது. பிறகு கப்பலில் ஒரு பொறி வந்தது, தட்டினால் காகிதத்தில் அச்சடிக்கிற பொறி. என்னுடையது ஒரு கல்லூரியில் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. நாலைந்து வருஷம் முன்னால் போய்ப் பார்த்தேன், செய்தவர் தெரியவில்லை என்று சீட்டு ஒட்டியிருந்தது. பக்கத்தில் நின்ற வாத்தியாரிடம்கூடச் சொல்லவில்லை. முப்பது, இருபத்து மூன்று, பதினாறு, ஒன்பது, இரண்டு. "இன்னும் கழிச்சா சைபருக்குக் கீழ போகும்," என்கிறேன். டாக்டர் வாய்விட்டுச் சிரிக்கிறார். "எனக்கே இவ்வளவு வேகமா வராது. பயப்பட ஒண்ணுமில்லம்மா, வயசுக்கு உள்ளதுதான். தனியா மட்டும் வெளிய அனுப்பாதீங்க." அஞ்சலை கைகூப்புகிறாள். அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதி. நான் தேர்வில் முழு மார்க் வாங்கியவன் மாதிரி அவள் பின்னால் படியிறங்குகிறேன், உள்ளே அவன் பெயர் இல்லாமல்.

பஸ் நிற்கிற இடத்தில் தூங்குமூஞ்சி மரம், அதன் அடியில் சிமெண்டு பெஞ்சு. பையிலிருந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு, "முழுசாச் சொல்லிட்டீங்களே, அந்தப் புள்ளையே அசந்துபோச்சு," என்கிறாள். இந்த நிம்மதியை நான் கெடுக்க வேண்டுமா. சொல்லாமலே இருந்துவிடலாம். நாற்பத்து நான்கு வருஷம் சொல்லாமல் இருந்தாயிற்று, இன்னும் கொஞ்ச நாள்தானே. ஆனால் நாளைக்குக் குளிக்கப் போவேன், சொம்பில் தண்ணீர் எடுப்பேன், அப்போது என்ன செய்வேன். அவளும் போய்விட்டால் இந்த உலகத்தில் அந்தப் பெயர் எங்கே இருக்கும். "அஞ்சலை." "என்னங்க?" "நம்ம பையன் பேரு எனக்கு வரமாட்டேங்குது." என்னிடமிருந்து குப்பியை வாங்கி மூடப்போனவள் கை அப்படியே நின்றது. அவள் அழுவாள் என்று நினைத்தேன், இல்லை, எழுந்து மறுபடி டாக்டரிடம் கூட்டிப்போவாள் என்று நினைத்தேன். நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு லாரி போயிற்று. பிறகு சொன்னாள், மெதுவாக இல்லை, ரகசியம்போல் இல்லை, தெருவில் விளையாடுகிறவனைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில், "சிங்காரம்." பக்கத்து பெஞ்சில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். "சிக்கல்ல, வெண்ணெய்ச் சாமி கோயில்ல மொட்டை போட்டோமே. சிங்காரவேலு. சிங்காரம்."

சிங்காரம். இவ்வளவுதானா, இவ்வளவு பக்கத்திலா இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ள எனக்குத் துண்டு அகப்படவில்லை, அவள் முந்தானையைக் கொடுத்தாள். அது இறங்கிய வழியில் இன்னொன்றும் வெளியே வந்துவிட்டது, கேட்கக்கூடாது என்று நான் மூடி வைத்திருந்தது. "அன்னைக்கி என்னைத் தேடினானா?" "தேடினான்," என்றாள், யோசிக்காமல், இத்தனை வருஷமும் நாக்கின் நுனியிலேயே வைத்திருந்தவள் மாதிரி. "அப்பா எங்கன்னான். ஆபீஸ்ல கூட்டிக்கிட்டிருக்காருன்னேன். என்னத்தன்னான். கடலன்னு சொன்னேன். முழுக்கவான்னான். ஆமாடான்னேன். கண்ண மூடிக்கிட்டே சிரிச்சான்." "சிரிச்சானா?" "சிரிச்சான். அப்பறம் தூங்கினான்." நான் அவளைப் பார்த்தேன். "ஏன் அஞ்சலை, இத்தனை வருஷத்துல ஒரு நாள் இதச் சொல்லியிருக்கலாமே." "நீங்க கேக்கல. நீங்க கேக்காம நான் எப்படி அந்தப் பேர எடுக்குறது? ஒங்களால தாங்க முடியாதுன்னு இருந்துட்டேன்." என்னால் தாங்க முடியாது என்று அவளும், அவளால் தாங்க முடியாது என்று நானும். நாகப்பட்டினம் பஸ் வந்து நின்றது. அவள் எழுந்திருக்கவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள். "அவனுக்கு மூணு வயசுல ஒரு தடவ, ஒங்களுக்குத் தெரியாது, அரிசிப் பானைக்குள்ள ஏறி உக்காந்துக்கிட்டு..." என்று ஆரம்பித்தாள். கண்டக்டர் எங்களைப் பார்த்து இரண்டு தடவை விசில் கொடுத்துவிட்டுப் போனார். அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அதற்கு அடுத்த பஸ்ஸும் போயிற்று.